பனிச்சங்காயும் குப்பி விளக்கும்

வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் கோயிலைப் பற்றிக் கேள்வியுற்றோர் முதலிற் குறிப்பிடுவது கடல்நீரில் எரியும் விளக்கையே. வைகாசித் திங்களிலே பொங்கலுக்கு ஒரு வாரம் முன்னதாகச் சிலாவத்தைத் தீர்த்தக்கரையிற் கடல்நீர் எடுக்கப்பெறுகிறது. அது முள்ளியவளைக் காட்டாவிநாயகர் கோயிலுக்குக் கொண்டுசெல்லப்பட்டு, அங்கே அந்நீரில் விளக்கேற்றப்படுகிறது. அடுத்த திங்கட்கிழமை வற்றாப்பளையிலே பொங்கல். நந்திக்கடலோரத்தில் மாடு மேய்த்த சிறுவர்முன் கண்ணகி முதியவளாகத் தோன்றினாள் என்பதும், பொழுதுபட்டபோது விளக்குக்கு எண்ணெய் இல்லாமற்போகக் கடல்நீரை ஊற்றி ஏற்றுமாறு பணித்தாள் என்பதும் ஐதிகம். தலையில் ஈரும் பேனும் பார்க்கச் சொன்னாளாம். மயிரை விலக்கிப் பார்த்த சிறுவர் அங்கே ஆயிரம் கண்களைக் கண்டு திகைத்தனராம். குழந்தைகளோடு ஒரு கிழவி ஆடும் விளையாட்டாகவே இதனைக் கொள்ளத் தோன்றும்.

ஆயினும் அவ்வூர்ப் பிள்ளைகளுக்கு இவையாவற்றினும் உவப்பான கதை பனிச்சங்காய்க் கதையே. அந்நியர் ஆட்சிக்காலத்திற் பறங்கி அதிகாரி ஒருவன் கோயிலடிக்கு வந்தான். அடியாரையும் பூசாரியையும் கண்டு நகைத்தான். உங்கள் தெய்வத்துக்குச் சக்தி உண்டாயின் அருகே நிற்கும் இந்தப் பனிச்சை மரத்தை ஆட்டிக் காட்டட்டும் என்றான். மரம் ஆடிற்று. காய்கள் கொம்பினின்றும் கழன்று அவன்மீது எறியுண்டன. இந்நிகழ்ச்சியைப் பொருளாகக் கொண்ட 'பனிச்சையாடிய பாடற்சிந்து' இன்றும் அப்பகுதி மக்களால் அறியப்பட்டதாகும்.

பனிச்சங்காயைக் கண்டறியாதார் இக்கதையின் முழுச் சுவையையும் பெறுதல் அரிது. அது சிறு பந்தளவில் உருண்டு திரண்டது. முற்றாத காயின்மேற் கறள் நிறத்தில் மெல்லிய தும்பு படிந்திருக்கும். பழுத்தால் உண்ணலாம். பழுக்குமுன் கடித்தவன் வாயைத் திறக்க இயலாது, அத்துணைத் துவர்ப்பு. அதன் பாலைக் கரையோர மக்கள் வலைகளுக்குச் சாயமேற்றவும் வள்ளங்களின் பொருத்துகளை அடைக்கவும் பயன்படுத்தி வந்துள்ளனர். துணியிற் பட்டால் கறை போகாது. ஆகவே அப்பறங்கி உயிர் தப்பியிருப்பினும் அவனுடைய சட்டை தப்பியிராது. உடம்பிற் கன்றலும் உடுப்பிற் கறையும் ஊரார் முன்னிலையில் மானக்கேடுமாக அவன் திரும்பியிருப்பான். மதுரையை எரித்தவள் வன்னிக்கு வந்து காயால் எறிகிறாள். நகரொன்றைச் சாம்பராக்கிய சினம் இங்கே ஒரு பகிடியாகக் குறுகி நிற்கிறது. இக்குறுக்கத்தை ஒரு குறைவாகக் கொள்ளவேண்டியதில்லை. ஆட்சியும் ஆயுதமும் பிறர் கையில் இருந்த காலத்திலே, ஓர் ஊர் தன் தெய்வத்திடம் வேண்டி நின்றது அதிகாரி ஒருவனைப் பார்த்துச் சிரிப்பதற்கான ஒரு வாய்ப்பையே.

இக்கதையை அவன் கேட்டது வற்றாப்பளையில் அன்று. 2009ஆம் ஆண்டிலே, செட்டிகுளம் மனிக்பாம் முகாமில், கூடாரமொன்றினுள்ளே, ஆறு வயதில் அம்மம்மாவின் மடியிற் கிடந்து கேட்டான். நந்திக்கடலின் மறுகரையில், முள்ளிவாய்க்காலில், அவர்கள் இருந்துவிட்டு வந்து சில கிழமைகளே ஆகியிருந்தன. அம்மம்மா பறங்கியின் வருகையைக் கூறுகையில் அவனைக் குதிரைமேல் ஏற்றியே கொண்டுவருவார். பிள்ளையின் மனம் பறங்கியை விட்டுக் குதிரையிற் பதிந்துவிட்டது.

"அம்மம்மா, குதிரைக்கும் பட்டதோ?"

"குதிரை என்ன பாவம் செய்தது மோனை? அதில ஒண்டும் படேல்லை. எல்லாம் அவனிலதான்."

"அப்ப ஏன் அம்மாளாச்சி இப்ப எறியேல்லை?"

இதற்கு அம்மம்மா விடை கூறவில்லை. பவுசர் வந்துவிட்டது, தண்ணீர் பிடிக்கவேண்டும் என்று கூறி, குடத்தை எடுத்துக்கொண்டு வெளியே சென்றுவிட்டார். பவுசர் வந்ததா இல்லையா என்பது அவனுக்கு நினைவில்லை.

பதினைந்து ஆண்டுகளின் பின்னர் பல்கலைக்கழக விரிவுரை மண்டபமொன்றிலே, சிலப்பதிகாரத்து வஞ்சினமாலையைக் கற்றுக்கொண்டிருந்த வேளையில், அவனுக்கு அம்மம்மாவின் குதிரை நினைவுக்கு வந்தது. மதுரையை எரிக்குமாறு தீக்கு ஆணையிட்ட கண்ணகி, எவரெவரைத் தீண்டலாகாது என்றும் கூறிவிடுகிறாள். முதியோரும் குழந்தைகளும் அவ்விலக்குப் பெற்றோருள் அடங்குவர், பசுவும் அடங்கும். பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்பைத் தாண்டாத அம்மம்மா வஞ்சினமாலையைக் கற்றவரல்லர். எனினும் பத்தினியின் சினம் எதனைத் தொடாது என்பதை அவர் அறிந்திருந்தார். பசு நின்ற இடத்திற் குதிரையை நிறுத்திவிட்டார், அவ்வளவே. முள்ளிவாய்க்காலில் விழுந்த எறிகணைகளுக்கு இத்தகைய விலக்கு எதனையும் எவரும் கூறியனுப்பவில்லை என்பதை எண்ணிப் பார்க்கும்போது, முகாமிலே அக்கதையை அவர் தெரிந்தெடுத்துக் கூறியமைக்கு ஒரு காரணம் இருந்திருக்கலாம் என்றே தோன்றுகிறது.

விரிவுரை மண்டபத்தில் அவனுக்கு அது நினைவுக்கு வந்தமைக்கு வேறொரு காரணமும் உண்டு. அவனது வலக்கைப் பெருவிரலிலும் சுட்டுவிரலிலும் இருந்த கொப்புளங்கள் அப்போது முற்றாக ஆறியிருக்கவில்லை.

விடுதியிலே முதலாண்டு மாணவனுக்குப் பெற்றோர் இட்ட பெயர் சில மாதங்களுக்குச் செல்லாது. ஊரையும் பாடசாலையையும் கேட்டறிந்து மூத்த மாணவர் பட்டமொன்றைச் சூட்டுவர். அவனுடைய ஊரைக் கேட்ட இரவிலே ஒருவன் துள்ளி எழுந்தான். "வற்றாப்பளையோ? அப்ப நீ கடல்தண்ணியில விளக்கெரிப்பாய் எல்லோ?" எனக் கேட்டான். ஜாம் போத்தல் ஒன்றின் தகர மூடியில் ஆணியால் துளையிட்டு, பழந்துணியைத் திரியாக்கி, குப்பி விளக்கொன்று செய்யப்பட்டது. உள்ளே குழாய்த் தண்ணீரும் சமையலறை உப்பும் கலந்து ஊற்றப்பட்டன. சீமெந்து நிலத்தில் முழங்காலிட வைத்து, நெருப்புப்பெட்டியைக் கையிற் கொடுத்து, ஏற்று என்றனர். விளக்கைச் செய்தவன் அயலூரவன். ஆண்டுதோறும் பொங்கலுக்கு வந்து கற்பூரம் கொளுத்துபவன்.

முதல் ஐந்தாறு குச்சிகளுக்கு யாவரும் சிரித்தனர், அவனும் சிரித்தான். உண்மையில் அது நல்ல பகிடிதான். இருபதாவது குச்சியோடு சிரிப்பு ஓய்ந்தது. பெட்டி ஓயவில்லை. முடிந்ததும் மற்றொன்று வந்தது. பார்த்துக்கொண்டிருந்தோர் தத்தம் கைத்தொலைபேசிகளில் ஆழ்ந்துவிட்டனர், ஒருவன் உறங்கியும்விட்டான். ஆயினும் நிறுத்து என்று கூறுவதற்கு எவருக்கும் மனம் வரவில்லை, அல்லது அது தமது வேலையென எவரும் எண்ணவில்லை. மூன்றாவது பெட்டி முடியும்வரை அவன் உரசிக்கொண்டிருந்தான். விரல் சுட்டதைக் காட்டிலும் அவனைச் சுட்டது வேறொன்று. ஒவ்வொரு குச்சியையும் திரியோடு சேர்க்கும்போது, இம்முறை பற்றிக்கொள்ளும் என அவன் மெய்யாகவே எதிர்பார்த்தான். அதனை அவர்கள் கண்டுகொண்டிருப்பார்களோ என்ற நாணம் நெடுநாள் அவனைவிட்டு அகலவில்லை.

அதன்பின் விடுதிக்குத் திரும்புவதை இயன்றவரை பிற்படுத்துவதற்காக, நூலகம் பூட்டப்படும்வரை அங்கேயே தங்கத் தொடங்கினான். பாடநூல்களை எவ்வளவு நேரந்தான் படிப்பது? ஜே. கே. ரௌலிங் எழுதிய ஹரி பொட்டர் நாவல்கள் ஏழும் ஒரு தட்டின் கீழ்வரிசையில் இருந்தன. அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, நாளொன்றுக்குப் பத்துப் பதினைந்து பக்கமாக அவற்றைப் படித்தான். மந்திரவாதிகளின் பாடசாலையைப் பற்றிய அக்கதையிலே அவனை ஈர்த்தோர் கதாநாயகன் அல்லன். பிரெட், ஜோர்ஜ் என்னும் வீஸ்லி இரட்டையர்களே. ஏமாற்று மிட்டாய்களும் குறும்புப் பொருள்களும் ஆக்கி விற்பது அவர்களது தொழில். பகிடியை மந்திரத்தால் செய்து பெட்டியில் அடைத்து விலைக்கு விற்கும் அக்கடை, பனிச்சை மரத்தடியிலிருந்து வந்த ஒருவனுக்கு அத்துணை அந்நியமாகத் தோன்றியிராது.

2000ஆம் ஆண்டில் வெளிவந்த நான்காம் நாவலில், நாக்கை நீட்டிவிடும் ரொபியொன்றை இரட்டையர் டட்லியின் வீட்டு நிலத்திலே வேண்டுமென்றே சிந்திவிடுகின்றனர். டட்லி அதனை எடுத்து உண்கிறான். அவன் நாக்கு அடிக்கணக்கில் வளர்ந்து வாய்க்கு வெளியே தொங்குகிறது. டட்லி ஹரியை ஆண்டுக்கணக்காக அடித்துத் துன்புறுத்தியவன். ஆகவே வாசகன் சிரிக்கிறான். ஆனால் இரட்டையரின் தந்தை சிரிக்கவில்லை. மந்திரம் அறியாதவன்மீது மந்திரத்தை ஏவியதற்காகச் சினக்கிறார். அவன் மந்திரமறியாதவன் என்பதற்காக அன்று, கொடுமைக்காரன் என்பதற்காகவே செய்தோம் என்பது மைந்தரின் வாதம். இருதரப்பாரும் ஓரளவு சரியே என்பதில்தான் அக்காட்சியின் சிறப்பு இருக்கிறது. டட்லி தன் வீட்டில் வலியவன். மந்திரவாதிகள் நால்வர் அவ்வீட்டினுள் நுழைந்துவிட்ட கணத்திலே மெலியவன். மேலும் அக்கோடையில் அவன் உணவுக் கட்டுப்பாட்டில் இருந்தான். பசியே அவனைக் காட்டிக்கொடுத்தது. பசித்தவன் முன்னே மிட்டாயைப் போட்டு நகைப்பது பனிச்சை மரம் செய்யத் துணியாத ஒன்று.

2003ஆம் ஆண்டின் ஐந்தாம் நாவலில் இரட்டையர் இலக்கைச் செம்மையாகவே தெரிந்துகொள்கின்றனர். அம்பிரிட்ஜ் என்னும் பெண் அதிகாரி, அரசாங்கத்தின் ஆணைகளை ஒன்றன்பின் ஒன்றாகச் சுவரிலே தொங்கவிட்டு, மாணவரின் கையிலிருந்து குருதி வரும்வரை தண்டனை எழுதுவிப்பவள். அவளுக்கெதிராகப் பாடசாலைத் தாழ்வாரத்தில் அவர்கள் ஒரு சதுப்புநிலத்தையே விரித்துவிட்டுப் பறந்து போகின்றனர். எங்கும் எடுத்துச்சென்று விரிக்கத்தக்க சதுப்பு அது. அம்பிரிட்ஜ் எவ்வளவோ முயன்றும் அதனை அகற்ற இயலவில்லை. அவள் நீங்கிய பின்னர் ஆசிரியர் பிளிட்விக் சில நொடிகளில் அதனை அகற்றிவிடுகிறார். எனினும் யன்னலடியிலே சிறு துண்டு நிலத்தை மாத்திரம் கயிறு கட்டி நினைவாக விட்டுவைக்கிறார். இப்பகுதியைப் படித்த மாலையில், நூலகத்தில் அமைதி காக்கவேண்டும் என்னும் விதியை மறந்து அவன் உரக்கச் சிரித்தான். சேற்றின் வல்லமையை நந்திக்கடலோரத்தவனுக்கு விளக்கவேண்டியதில்லை.

ஆறாம் நாவலோ (2005) வேறு பாடமொன்றை வைத்திருந்தது. இரட்டையரின் கடையிலே கிடைக்கும் பொருள்களுள் ஒன்று, தூவியவுடன் எங்கும் இருளைக் கவியச்செய்யும் பெரு நாட்டுப் பொடி. அதனைப் பகைவர் பக்கத்து மாணவன் மல்போய் கைக்கொண்டு, கொலைஞரைப் பாடசாலையினுள்ளே நடத்திச் செல்வதற்குப் பயன்படுத்துகிறான். சொந்தத் தம்பியும் தங்கையும் காவல் நிற்கும் தாழ்வாரத்திலேயே அண்ணன்மாரின் சரக்கு அவர்கள் கண்களை மறைத்துவிடுகிறது. பொடிக்கு எவரையும் தெரியாது. கடைக்காரனின் நோக்கத்தை அது தன்னோடு சுமந்து செல்வதுமில்லை.

பனிச்சங்காய்க்கும் இப்பொடிக்கும் உள்ள வேறுபாட்டை அவன் பலநாள் எண்ணியதுண்டு. பனிச்சங்காய் ஒருமுறை, ஒருவன்மீது, அவன் கேட்டதற்காக எறியப்பட்டது. குதிரையை அது விட்டுவிட்டது. அம்மரத்தின் காய்களைப் பறித்துவைத்து, ஆண்டுதோறும் கோயிலுக்குப் புதிதாக வருவோர்மீது எறிவதை ஊரார் வழக்கமாக்கியிருந்தால், அக்கதை எவ்வாறு முடிந்திருக்கும்? குப்பி விளக்கைச் செய்த அயலூரவனும் முன்னொரு காலத்தில் முழங்காலில் நின்றவனே. தன்மீது எறிந்தவர்மீது திருப்பி எறிய அவனால் இயலவில்லை; காத்திருந்து, பின்னால் வந்தவன்மீது எறிந்தான். தனக்கு இடப்பட்ட கேள்வி பறங்கியின் கேள்வியே என்பதை அவன் அறிந்திருப்பானோ? உன் தெய்வத்துக்குச் சக்தி உண்டாயின் காட்டு என்று அன்று குதிரைமேலிருந்து கேட்கப்பட்டது, இன்று கட்டில்மேலிருந்து கேட்கப்பட்டது.

இலங்கைத் தமிழிலே இவ்வழக்கத்துக்குப் பகிடிவதை என்று பெயர். பகிடியும் வதையும் ஒரே சொல்லில் ஒட்டிக்கொண்டிருப்பதன் கொடுமையைப் பழக்கம் மழுங்கடித்துவிட்டது. 1975இல் பேராதனையில், பகிடிவதைக்கு அஞ்சி விடுதி மாடியிலிருந்து குதித்த மாணவியொருத்தி நடக்க இயலாதவளானாள். 1997இல் அதே பல்கலைக்கழகத்தின் தமிழ் மாணவர் ஒருவர், அளவுக்கு மீறிய உடற்பயிற்சிகளைச் செய்விக்கப்பட்டதனால் சிறுநீரகம் செயலிழந்து மரணமானார். 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டம் பகிடிவதையைக் குற்றமாக்கியது. இரண்டு ஆண்டுவரை கடூழியச் சிறை, கடுங்காயமோ பாலியல் துன்புறுத்தலோ நேர்ந்தால் பத்து ஆண்டுவரை என்று அது விதிக்கிறது. அதன் பின்னரும், 2002இல், ஸ்ரீ ஜயவர்தனபுரப் பல்கலைக்கழகத்திலே பகிடிவதையை எதிர்த்த மாணவரொருவர் கொல்லப்பட்டார். செல்வர் வீட்டுப் பிள்ளையையும் வறியவர் வீட்டுப் பிள்ளையையும் ஒரு தரத்தில் நிறுத்துவதற்காகவே இவ்வழக்கம் தோன்றியது என வாதிப்போர் இன்றும் உளர். முழங்காலில் நிற்போர் யாவரும் சமமே என்பது மெய். எதிரே கட்டிலில் அமர்ந்திருப்போரைப் பற்றி அவ்வாதம் வாய் திறப்பதில்லை.

சட்டம் அறிவித்தற்பலகையில் ஒட்டப்பட்டிருந்தது. குப்பி விளக்கு விடுதிப் பொது அறையின் யன்னலடியில் இருந்தது. ஓராண்டு கழிந்து, புதிய மாணவர் வந்துசேர்ந்தனர். விளக்கு இப்போது விடுதியின் மரபுச் சொத்தாகிவிட்டமையால், அதனை முதலில் ஏந்தியவன் என்ற முறையில் அவனே அதனை அடுத்தவனுக்குக் கொடுக்கவேண்டும் என மூன்றாம், நான்காம் ஆண்டு மாணவர் முடிவுசெய்தனர். தெரிந்தெடுக்கப்பட்டவன் மலையகத் தோட்டமொன்றிலிருந்து வந்த மெலிந்த பையன். வற்றாப்பளையைப் பற்றி அவன் கேள்வியுற்றதில்லை. கடல்நீர் விளக்கின் கதையும் அவனுக்குத் தெரியாது. பகிடியின் பொருள் உதிர்ந்து வதை மாத்திரம் எஞ்சி நின்றது. எதற்காகத் தண்ணீரை எரிக்கச் சொல்கிறார்கள் என்பதை அறியாமலே அவன் முழங்காலிட்டான்.

அன்று மாலை, இராச்சாப்பாட்டுக்கு முன்னர், பொது அறை அலுமாரியில் இருந்த நெருப்புப்பெட்டிகள் ஐந்தையும் அவன் குளியலறைக்கு எடுத்துச்சென்று, உப்புக் கரைத்த வாளியில் அமிழ்த்தி எடுத்திருந்தான். துணிவுடையவன் விடுதிக் காப்பாளரிடம் முறையிட்டிருப்பான், அல்லது முன்னின்று தடுத்திருப்பான். அவனிடத்தில் அத்துணிவு இருக்கவில்லை.

மலையகப் பையன் உரசினான், குச்சி பற்றவில்லை. இன்னொன்று. அதுவும் பற்றவில்லை. "உரசவும் தெரியாதோடா? இங்க கொண்டா" என்று நான்காம் ஆண்டு மாணவன் ஒருவன் பெட்டியைப் பறித்தான். அவன் உரசிய குச்சியின் மருந்து கூழாகி விரலில் ஒட்டிற்று. வேறு பெட்டி கொண்டுவரப்பட்டது. கட்டிலிலிருந்து இறங்கி நிலத்தில் குந்தியிருந்து, நெற்றி வியர்க்க அவன் உரசிக்கொண்டிருந்தான். பின்வரிசையில் யாரோ எண்ணத் தொடங்கினர். "ஏழு... எட்டு... ஒன்பது..." பதினொன்றாவதிலே ஒருவன் அடக்கமாட்டாது சிரித்துவிட்டான், பதின்மூன்றாவதிலே அறை முழுதும் சிரித்தது. முழங்காலில் நின்றவன் மாத்திரம், தான் சிரிக்கலாமா கூடாதா என்பதை அறியாது, நிலத்தையே நோக்கியிருந்தான். அவனைப் பார்த்து எவரும் சிரிக்கவில்லை.

பெட்டிகளை நனைத்தவன் யாரென்பது மறுநாள் தெரிந்துவிட்டது. மூன்று கிழமைகள் சாப்பாட்டு மேசையில் அவனருகே எவரும் அமரவில்லை. புதிய மாணவருக்கு அவ்வாண்டு வேறு தொல்லைகள் குறைவின்றி இருந்தன. விளக்கு மாத்திரம் மீண்டும் எடுக்கப்படவில்லை. ஐப்பசி மழையில் மின்சாரம் நின்றுபோன இரவொன்றில் அவன் நூலகத்திலிருந்து திரும்பியபோது, பொது அறை யன்னலடியில் அது எரிந்துகொண்டிருந்தது. யாரோ உப்புநீரைக் கொட்டிவிட்டு மண்ணெண்ணெய் ஊற்றியிருந்தனர். திரியில் முன்னரே ஊறியிருந்த உப்பினால் சுடர் அடிக்கடி சடசடத்தது. அதைச் சுற்றி நால்வர் கடதாசி விளையாடிக்கொண்டிருந்தனர்; மலையகப் பையன் வெல்லும் நிலையில் இருந்தான்.